கரடிக்காகக் கண்ணீர் விட்டவர்கள்

ஒரு பொம்மைக் கரடியைக் கொலைகாரனாக்கிவிட்டார்களே என்று நெஞ்சு கொதித்த அன்பர்கள், படத்தை எடுத்தவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். படத்தைத் தடுக்கச் சொல்லி மனுக்கள் கிளம்பின. போலீசில் சொல்லிவிட்டோம் என்று சிலர் அவருக்கே தகவல் அனுப்பினார்கள். இயக்குநரே பேட்டியில் சொன்ன கணக்கு இது. தேன் பானையும் தொப்பையுமாக இருந்த ஒரு சாதுவின் மேல் ரத்தக்கறை படியக் கூடாது என்பதற்காக உயிருள்ள ஒரு மனிதனின் ரத்தத்தைக் கேட்ட அந்தக் கருணையாளர்களுக்கு முதல் வணக்கம்.

படம் 'வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி'. 2023இல் வந்தது. எடுத்தவர் ரீஸ் ஃபிரேக்-வாட்டர்ஃபீல்டு, மின்சார நிறுவன வேலையை உதறிவிட்டு சினிமாவுக்கு வந்த இங்கிலாந்துக்காரர். செலவு ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு. படப்பிடிப்பு சுமார் பத்து நாள். இடம் ஆஷ்டவுன் காடு. எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் தன் மகனையும் அவனுடைய பொம்மைகளையும் வைத்துப் பூ கரடியின் கதையைப் பின்னிய அதே காடு.

கதை இதுதான். சிறுவன் கிறிஸ்டோஃபர் ராபின் பெரியவனாகிப் படிக்கப் போய்விடுகிறான். காட்டில் சோறு போட ஆளில்லை. பசி தாங்காத பூ கரடியும் மற்றவைகளும் குளிர்காலத்தில் ஈயோர் என்ற கழுதையை அடித்துத் தின்கின்றன. அன்றிலிருந்து மனித இனத்தின் மேல் தீராத வெறி, இனிப் பேசுவதில்லை என்ற சபதம். பேசுவதில்லை என்ற முடிவு பாத்திரத்தின் முடிவா, வசனம் எழுதத் தெரியாதவரின் முடிவா என்ற சந்தேகம் படம் முடிந்த பிறகும் நம்மை விடுவதில்லை.

இந்தத் தொடக்கத்தில் ஒரு நல்ல கதைக்கான விதை இருந்தது என்பதுதான் எரிச்சல். வளர்த்தவன் விட்டுவிட்டுப் போன பிராணியின் பசி சாதாரண விஷயமா? அதைச் சில நிமிடக் கோட்டோவியத்தில் சொல்லி முடித்துவிட்டு, ரப்பர் முகமூடி மாட்டிய ஒரு தடித்த ஆளை இருட்டில் நடக்கவிட்டு, மீதி நேரம் முழுக்க ஆட்களை வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டும் பாதி நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்குக்குக் காசில்லை போலிருக்கிறது.

சரி, மோசமான படம் உலகத்தில் எத்தனையோ வருகிறது. இந்தப் படத்தைவிட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவை இதைப் பற்றிப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் சொன்ன அபிப்பிராயங்கள்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது 'என் குழந்தைப் பருவத்தையே நாசமாக்கிவிட்டார்கள்' என்ற ஒப்பாரி. நாற்பது வயதைத் தாண்டி, வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும் வயதில் இருப்பவர்களின் குழந்தைப் பருவம், 2023இல் ஒருவர் மாட்டிய ரப்பர் முகமூடியால் பின்னோக்கிப் போய் நாசமாகிவிட்டதாம். அவ்வளவு நோஞ்சான் குழந்தைப் பருவமா அது? அலமாரியில் இருக்கும் புத்தகத்தின் ஒரு பக்கமாவது கிழிந்ததா? அந்தப் புத்தகத்துக்கு ஷெப்பர்டு வரைந்த கோடுகளில் ஒன்றாவது அழிந்ததா?

தேவதைக் கதை என்றாலே பால்கோவா என்று நினைத்து வளர்ந்தவர்களிடம் இப்படித்தான் அழுகை வரும். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் தொகுத்து வெளியிட்ட கதைகளைப் புரட்டிப் பார்க்கட்டும். சிண்ட்ரெல்லாவின் சகோதரிகள் செருப்புக்குள் கால் நுழைய வேண்டும் என்று ஒருத்தி விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலைச் சீவிக்கொள்கிறாள். ஸ்னோ ஒயிட் கதையின் கெட்ட ராணி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு மாட்டிச் செத்து விழும்வரை ஆடுகிறாள். அந்த முதல் பதிப்பில் மகளைக் கொல்லத் துடிப்பவள் மாற்றாந்தாய்கூட அல்ல, பெற்ற தாய். அடுத்த பதிப்பில்தான் பெற்றவள் பெயரைக் காப்பாற்ற அவளைச் சிற்றன்னையாக்கினார்கள். 1697இல் ஃபிரான்சில் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது; கதை அங்கேயே முடிகிறது. வேட்டைக்காரனும் வரவில்லை, வயிற்றைக் கிழித்து யாரும் வெளியே எடுக்கவுமில்லை. பிள்ளைகளுக்குப் பயத்தைக் கதையாகச் சொன்னார்கள் அந்தக் காலத்துப் பாட்டிகள். அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஃபிரேக்-வாட்டர்ஃபீல்டின் குற்றம் குழந்தைக் கதையில் ரத்தம் காட்டியது அல்ல. ரத்தத்தைக் காட்டியும் யாரையும் பயமுறுத்தாததுதான்.

பூ கரடியால் உண்மையிலேயே குழந்தைப் பருவம் பாழான ஒருவர் இருந்தார். அவர் பெயர் கிறிஸ்டோஃபர் ராபின் மில்ன். 1920இல் பிறந்தார், அவருடைய பொம்மைகளும் பெயரும் 1926இல் புத்தகமாகி உலகமெல்லாம் விற்றன. விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது, அப்பா தன்னைப் பற்றி எழுதிய பாட்டின் இசைத்தட்டைச் சக மாணவர்கள் போட்டுப் போட்டுக் கேலி செய்தார்கள். தன் பெயரையே அப்பா தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார் என்ற கசப்பு அவருக்குப் பல காலம் இருந்தது. 1974இல் தானே எழுதிய நினைவுப் புத்தகத்தில் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கடற்கரை ஊரான டார்ட்மவுத்தில் புத்தகக் கடை வைத்துப் பிழைத்த அந்த மனிதரை அங்கும் விடாமல் தேடி வந்தார்கள், கதைச் சிறுவனைப் பார்க்க வேண்டும் என்று. அவரைக் கசக்கிப் பிழிந்தவர்கள் ரத்தப் படம் எடுத்தவர்களா? இல்லை. பூவை உச்சிமோந்த ரசிகர்கள். அந்த ரசிகர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று குழந்தைப் பருவத்தின் புனிதத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. 'இதற்குத்தான் காப்புரிமையைக் காலாவதியாக விடக் கூடாது. பூவின் உரிமை டிஸ்னி கையிலேயே இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?' என்றது. எஜமான விசுவாசத்துக்கு ஒரு எல்லை வேண்டாமா! நம்மூரில் ஓர் எழுத்தாளரின் நூல்களை அரசு பணம் கொடுத்து நாட்டுடைமையாக்குகிறது. அமெரிக்காவில் காலக்கெடு முடிந்தால் நூல் தானாகவே எல்லோருக்கும் சொந்தம். 1926இன் புத்தகம் பழைய கெடுப்படி 2002இலேயே விடுதலையாகியிருக்க வேண்டும். 1998இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் இருபது வருஷம் நீட்டினார்கள். அந்த நீட்டிப்புக்காக டிஸ்னி காட்டிய ஆர்வத்தைப் பார்த்து மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம் என்றே அதற்குப் பட்டப்பெயர். கடைசியில் 2022 ஜனவரி 1 அன்று பூட்டு திறந்தது.

இப்படிக் காவல் காத்த டிஸ்னி, தன் சாம்ராஜ்யத்தை எதன் மேல் கட்டியது? 1937இன் ஸ்னோ ஒயிட் கிரிம் சகோதரர்களின் சரக்கு. 1950இன் சிண்ட்ரெல்லா பெரோவின் சரக்கு. யாருக்கும் ஒரு காசு கொடுக்காமல் ஊர்ப் பொதுக் கிணற்றில் இறைத்துவிட்டு, தன் வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் 95 வருஷப் பூட்டுப் போட்டவர்களை நினைத்துக் கண்ணீர் விடுகிறான் ரசிகன். விட்டுத்தொலையட்டும். ஆனால் இருபது வருஷம் கூடுதலாகக் காத்திருந்து கிடைத்த பொதுச்சொத்தை எடுத்து உலகம் பேசும்படி செய்த முதல் காரியம் இதுவா என்ற கேள்வி என்னையும் சுடுகிறது. பூட்டுப் போட்டவர்களின் வழக்கறிஞர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சட்டம் வேலை செய்த அழகையும் பாருங்கள். டிஸ்னியின் கரடி போட்டிருக்கும் சிவப்புச் சட்டை இன்னும் அவர்கள் வசம். அதனால் கொலைகாரப் பூ சிவப்புச் சட்டையைத் தொடவில்லை. மரம் வெட்டுகிறவன் உடுப்பில் வருகிறது. டிக்கர் என்ற புலி 1928இல் வெளிவந்த அடுத்த புத்தகத்தில்தான் அறிமுகம். ஆகவே முதல் படத்தில் புலி கிடையாது. ரத்தவெறி பிடித்த புலிகூடக் காப்புரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு 2024 ஜனவரி வரை வரிசையில் நின்று, அந்த மார்ச்சில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் நகத்தைக் காட்டியது. மனசாட்சி தடுக்காத இடத்தில் வக்கீல் நோட்டீஸ் தடுக்கிறது.

அப்புறம் நியாயவான்கள் வந்தார்கள். 'சின்ன பட்ஜெட் படம்தானே, இதில் போய் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்றார்கள். கேட்பதற்கு ஏழைப் பங்காளி பேச்சு போல இருக்கும். உண்மையில் இது ஏழைகளுக்குச் செய்யும் அவமானம். கையில் காசில்லாதவனுக்கு மூளையும் இருக்காது என்பதுதானே இதன் பொருள்?

1968இல் ஜார்ஜ் ரொமேரோ சுமார் 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்தார். ஒரு கறுப்பின நடிகரைக் கதாநாயகனாக நிறுத்தி, ராத்திரி முழுக்க நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைத்தவனை விடிந்ததும் வெள்ளைக்காரத் துப்பாக்கிகளுக்குப் பலி கொடுத்தார். அந்த வருஷத்து அமெரிக்காவுக்கு அந்தக் காட்சி என்ன சொன்னது என்று விளக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைப் போட மறந்ததால் அந்தப் படம் வெளியானபோதே பொதுச்சொத்தாகிவிட்டது என்பது தனிச் சோகம். 1978இல் ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' மூன்றேகால் லட்சம் டாலரில் வந்தது. கொலைகாரனின் முகமூடி, கடையில் ஓரிரு டாலருக்கு வாங்கிய ஸ்டார் டிரெக் கேப்டனின் முகம். அதற்கு வெள்ளைச் சாயம் அடித்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த முகத்தைப் பார்த்தால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. தேவதைக் கதையிலேயே திகில் வேண்டுமென்றால் 1984இல் நீல் ஜோர்டான், ஆஞ்சலா கார்ட்டரின் கதைகளை வைத்து எடுத்த 'த கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' இருக்கிறது. ஓநாயையும் சிறுமியையும் வைத்துக்கொண்டு பெண் குழந்தைக்கு ஊர் ஊட்டும் பயங்களைப் பற்றிப் பேசிய படம் அது. ஆகவே பட்ஜெட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்காதீர்கள். பத்து நாளில் எடுத்ததில் தப்பில்லை. பத்து நிமிஷம் யோசித்திருக்கலாம்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு அலுப்புத் தட்டியது சிரிக்கப் போனவர்களிடம்தான். 'மோசம் என்று தெரியும்; அதனால்தான் போகிறோம்; நண்பர்களோடு போய்க் கிண்டலடித்துப் பார்த்தால் ஜாலி' என்ற வர்க்கம். தங்களைப் படத்தைவிட ஒரு படி மேலே வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்குகிறவர்கள். உங்கள் கிண்டல் தயாரிப்பாளரின் காதில் விழுந்தால் அவர் புண்படுவார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் கிண்டலைத்தான் அவர் முதலிலேயே கணக்கில் வைத்திருந்தார். 2022 மே மாதம், ஒரு காட்சிகூட வெளிவராத நிலையில், சில புகைப்படங்களை வெளியிட்டார்கள். ஊரே பற்றிக்கொண்டது. பத்திரிகைகள் இலவசமாகத் தண்டோரா போட்டன. பெரிய நட்சத்திரம் இல்லை, விளம்பரச் செலவு இல்லை. ஒரு லட்சத்துக்குள் எடுத்த படம் உலகம் முழுக்கச் சுமார் 50 லட்சம் டாலர் அள்ளியது. விமர்சகர்களின் கருத்தைக் கூட்டிப் பார்க்கும் ராட்டன் டொமேட்டோஸ் கொடுத்த மதிப்பெண் நூற்றுக்கு 3. மூன்று மதிப்பெண் வாங்கிய மாணவன் ஐம்பது மடங்கு சம்பாதித்திருக்கிறான். இதில் யார் முட்டாள், சொல்லுங்கள்.

இப்போது அந்தப் புகைப்படங்களில் ஒன்றுக்கு வருகிறேன். இத்தனை அபிப்பிராயங்களிலும் எனக்கு ஆறாத ஒன்று அங்கேதான் இருக்கிறது.

உலகம் முழுக்கச் சுற்றிய படம் அது. வெந்நீர்த் தொட்டிக்குள் நீச்சலுடையில் ஓர் இளம்பெண் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் பூவும் பன்றிக்குட்டி பிக்லெட்டும் நிற்கிறார்கள். அவளுக்குத் தெரியாது. அதைப் பார்த்த கோடிப் பேரும் என்ன சொன்னார்கள்? 'ஐயோ, கரடி இப்படி ஆகிவிட்டதே!' புகைப்படத்தின் நடுவில் இருந்தவள் யார் கண்ணிலும் படவில்லை. படத்தில் அவளைக் கட்டிப்போட்டுக் காரை ஏற்றித் தலையை நசுக்குகிறார்கள். அதற்கு எந்த ஊரில் மனு போட்டார்கள்? யார் போலீசுக்குப் போனார்கள்?

கதையின் நியாயத்தையே எடுத்துக்கொள்வோம். விட்டுவிட்டுப் போனவன் கிறிஸ்டோஃபர் ராபின். வஞ்சம் அவன் மேல். செத்துப்போகிறவர்கள் யார்? முதலில் அவன் கட்டிக்கொள்ள இருந்தவள். பிறகு, விடுமுறைக்காகக் காட்டோரம் வீடு எடுத்துத் தங்கிய பெண்கள். அவர்கள் பூ கரடிக்குச் சோறு போட மறந்தவர்களும் அல்ல, அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க வேண்டியவர்களும் அல்ல. இடையில் உதவிக்கு வந்த உள்ளூர் ஆண்கள் சிலரும் சாகிறார்கள். அவர்கள் சாவு பொழுது போகாமல் செய்த வேலை மாதிரி சட்டென்று முடிந்துவிடுகிறது. கேமரா நின்று நிதானித்துப் பார்ப்பது பெண் உடம்புகள் கதறுவதைத்தான். குற்றவாளியான ராபின் சாட்டையடி வாங்குகிறான், அழுகிறான், கடைசியில் தப்பி ஓடுகிறான்.

இதில் கதாநாயகிக்கு ஒரு பின்கதை வேறு. ஒருவன் பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்ததில் மனம் உடைந்து, அதிலிருந்து மீளத்தான் தோழிகளோடு இங்கே வந்திருக்கிறாள். இருட்டு ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆண் நிற்கிறானோ என்ற பயம் உலகத்தில் எத்தனை பெண்களுக்கு அன்றாடம்! அதைத் தொட்டிருந்தால் படத்துக்கு முதுகெலும்பு வந்திருக்கும். தொடவில்லை. அந்தப் பயத்தையும் அலங்காரப் பொருளாக வைத்துவிட்டு, கடைசிக் காட்சியில் கரடி அவளைக் குத்திக் கொல்கிறது. ராபின் 'நான் உன்னோடு இருந்துவிடுகிறேன், அவளை விட்டுவிடு' என்று கெஞ்சிப் பார்க்கிறான். கரடி கேட்கவில்லை.

இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கரடியின் முகமூடி சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். வாய் அசையவில்லையாம். இருட்டாக இருந்ததாம். கொலைகளில் புதுமை போதவில்லையாம். பூ கரடியின் மானத்துக்கு வக்கீல்கள் ஆயிரம் பேர், வெந்நீர்த் தொட்டியில் இருந்தவளுக்கு ஒரு ஆள் இல்லை.

ஹாங்காங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட அரங்குகளில் வெளியாக வேண்டிய படம், வெளியாகும் நேரத்தில் ரத்தானது. தணிக்கை அனுமதி இருந்தது. தெளிவான காரணத்தை யாரும் சொல்லவில்லை. சீன அதிபரின் தோற்றத்தை இந்தக் கரடியோடு ஒப்பிட்டுக் கேலி செய்யும் வழக்கம் ஊரறிந்தது. ஆக, உலகத்திலேயே இந்தப் படத்தை ஒரு கலைப்படைப்புக்குரிய மரியாதையோடு பார்த்துப் பயந்தவர்கள் அங்கேதான் இருந்திருக்கிறார்கள் போலும். அவர்களுக்கு இயக்குநர் நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

அதே வருஷம் அக்டோபரில், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இந்தப் படத்தைப் போட்டுவிட்டார்கள். இருபது முப்பது நிமிஷம் ஓடியிருக்கிறது. நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளே கேட்டதாகப் பெற்றோர் தரப்பில் சொன்னார்கள். உலகம் முழுக்க இந்தப் படத்துக்குக் கிடைத்த அபிப்பிராயங்களில் அதுதான் சுத்தமானது. குழந்தைப் பருவம் நாசமாகிறது என்று மாரடித்துக்கொண்ட பெரியவர்கள் காசு கொடுத்துக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். உண்மையிலேயே குழந்தைகளாக இருந்தவர்கள் போதும் என்றார்கள்.

2024 மார்ச்சில் ராஸி விருதுகள் அறிவிக்கப்பட்டன. வருஷத்தின் படுமோசமான படங்களுக்குக் கொடுக்கும் பரிகாச விருது. ஐந்து பிரிவுகளில் பரிந்துரை, ஐந்திலும் வெற்றி. மோசமான படம், மோசமான இயக்குநர், மோசமான திரைக்கதை, மோசமான மறு ஆக்கம். மோசமான திரை ஜோடி விருது பூவுக்கும் பிக்லெட்டுக்கும் போயிற்று. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நீதி கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

அதே மாதக் கடைசியில் இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது, கூடுதல் பட்ஜெட்டில், நல்ல முகமூடியோடு. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு சிண்ட்ரெல்லா வந்தாள், பீட்டர் பேன் வந்தான், பேம்பி மான்கூடக் கொலைகார மிருகமாக வந்தது. இவர்களில் சிலரை ஒன்றாகச் சேர்த்து ஒரே படத்தில் வெட்டவிடும் திட்டத்தையும் அறிவித்துவிட்டார்கள். அடுத்த புகைப்படம் வெளியாகும்போது நீங்கள் மறுபடியும் கொதிப்பீர்கள், மறுபடியும் சிரிப்பீர்கள், மறுபடியும் டிக்கெட் வாங்குவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஐயா, அம்மா, அந்தப் புகைப்படத்தில் மிருகத்துக்கு முன்னால் நிற்பது யார் என்று இந்தத் தடவையாவது ஒரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு, டிக்கெட் காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.